ஐம்பது வயதில் மேக்கப்: கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு ஒரு செய்முறை

கல்யாண மண்டபத்தில் பெண்ணுக்கு மேக்கப் போட மூன்று மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அதே அறையில் பெண்ணின் அம்மா, சீர்வரிசைத் தட்டு எங்கே, தாம்பூலப் பை எண்ணியாச்சா என்று ஓடிக்கொண்டிருப்பார். எல்லாம் முடிந்து கடைசிப் பத்து நிமிடத்தில், "எனக்கும் கொஞ்சம் ஏதாவது போட்டு விடும்மா" என்று வந்து உட்காருவார். பெண்ணுக்குப் போட்ட அதே ஃபவுண்டேஷன் (முகம் முழுதும் நிறத்தைச் சமமாக்கப் பூசுவது), அதே பவுடர் அவருக்கும் போகும். ஆல்பம் வந்த பிறகு பார்த்தால், முகத்தில் பத்து வயது கூடியிருக்கும். மணப்பெண் மேக்கப் போடப் போகும் இடங்களில் இதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதுவரை கண்மை, பவுடரைத் தவிர வேறெதையும் தொடாதவர்களும் அரை மணி நேரத்தில் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். இருபத்தைந்து வயதுத் தோலில் எண்ணெய்ப் பசை இருக்கும், பவுடர் அதை அடக்கும். மாதவிடாய் நின்ற பிறகு எண்ணெய் சுரப்பும் குறையும், தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜனும் குறையும். தோல் மெலிந்து வறண்டிருக்கும்போது மேலே எதை அதிகமாகப் பூசினாலும் அது நகர்ந்து போய்க் கோடுகளில்தான் உட்காரும். நம்மை இளமையாகக் காட்டுவது தோலின் ஈரம். வெள்ளை நிறம் அல்ல.

ஒரு வாரம் முன்பே

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ப்ளீச், புது ஃபேஷியல் எதுவும் வேண்டாம். த்ரெட்டிங் இரண்டு மூன்று நாள் முன்னால் முடித்துவிடுங்கள். புதிதாக வாங்கிய பொருள் எதுவானாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது. மங்குக்கு என்று சொல்லி மருந்துக்கடையில் வாங்கும் கிரீம்களில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் இன்னும் மெலிந்துபோகும். தோல் மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அவற்றைத் தொடாதீர்கள்.

1. முகத்தைத் தயார் செய்வது

அன்று மட்டும் மஞ்சள் பூசிக் குளிக்காதீர்கள். மஞ்சள் தோலில் ஒட்டியிருந்தால் ஃபவுண்டேஷன் நிறம் சரியாகப் பொருந்தாது. மென்மையான ஃபேஸ்வாஷில் கழுவி, ஈரம் முழுதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரைக் கழுத்து வரைக்கும் தடவுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். இந்த ஐந்து நிமிடத்தை யாரும் கொடுப்பதில்லை, பாதி மேக்கப் திட்டுத் திட்டாகப் போவது இதனால்தான்.

பகல் கல்யாணமாக இருந்தால் அடுத்து சன்ஸ்கிரீன். டியூபில் எஸ்.பி.எஃப் என்று போட்டிருக்கும் பாதுகாப்பு அளவு 30 இருந்தால் போதும், அது தோலைச் சுடும் யு.வி.பி என்ற புற ஊதாக் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுத்துவிடும். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. இரவு ரிசப்ஷன் என்றால் சன்ஸ்கிரீன் வேண்டாம். பல சன்ஸ்கிரீன்களில் உள்ள ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் முகத்தை வெளுப்பாகக் காட்டும்.

2. கருவளையமும் மங்கும்

நம் தோலில் கருவளையத்தின் மேல் நேரடியாகத் தோல் நிற கன்சீலர் (கறையை மறைக்கும் கிரீம்) பூசினால் சாம்பல் பூசியது போல இருக்கும். கருமையில் ஒரு நீலச் சாயல் இருப்பதுதான் காரணம். நீலத்தை ஆரஞ்சு சமன் செய்யும். அதனால் கருமையைச் சமன் செய்யும் ஆரஞ்சு நிற கிரீமை, கரெக்டர் என்று கேட்டு வாங்கி, ஒரு அரிசி அளவு எடுத்து, கண்ணின் உள் மூலையிலும் கருமை அதிகமுள்ள இடத்திலும் மட்டும் வையுங்கள். மோதிர விரலால் தட்டித் தட்டி ஒற்றுங்கள், தேய்க்கக் கூடாது. கன்னத்து மங்குக்கும் இதே முறைதான். கொஞ்சம் தெரிந்தால் தெரியட்டும். முழுதாக மறைக்கப் போனால் அந்த இடம் மட்டும் தடித்துத் தெரியும்.

3. ஃபவுண்டேஷன்

மொத்த வேலையில் பாதி, சரியான நிறம் தேர்ந்தெடுப்பதுதான். கடையில் புறங்கையில் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். தாடை ஓரத்தில் பக்கத்து நிறங்கள் மூன்றைக் கோடாக இழுத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். "ஒரு ஷேட் தூக்கிப் போட்டுக்கோங்க அக்கா" என்று கடையில் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வீடியோ லைட் விழுந்ததும் முகம் தனியாக, கழுத்து தனியாக நிற்கும். நம்மில் நிறையப் பேருக்கு மஞ்சள் சாயல் கலந்த ஃபவுண்டேஷன் பொருந்தும். ரோஸ் சாயல் உள்ளதைப் போட்டால் மாநிறத்தில் சாம்பல் தட்டும். அழகான மாநிற முகங்கள் இப்படிச் சாம்பலாகி நிற்பதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

திரவ ஃபவுண்டேஷனே வாங்குங்கள், ஸ்டிக் வேண்டாம். ஒரு சுண்டைக்காய் அளவுக்கும் குறைவாக எடுத்து மூக்கு, நெற்றி நடு, தாடை என்று நடுவில் இருந்து தொடங்கி, ஈர ஸ்பாஞ்சால் ஒற்றிக்கொண்டே வெளியே போங்கள். காது ஓரத்துக்கு வரும்போது ஸ்பாஞ்சில் ஒன்றுமே இருக்கக் கூடாது. கண்ணோரக் கோடுகளின் மேல் ஸ்பாஞ்சில் மிஞ்சியது மட்டும் போதும்.

4. பவுடர்

மூக்கின் இரு பக்கம், நெற்றி நடு, தாடை. இந்த மூன்று இடங்களில் மட்டும் பிரஷ்ஷால் லேசாகத் தட்டுங்கள். கண்ணுக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

5. கன்னம்

சிரித்தால் உருளும் சதையில் பிளஷ் போடுவது இளம் பெண்களுக்குச் சரி. நமக்கு அந்தச் சதை கொஞ்சம் இறங்கியிருக்கும். அங்கே நிறம் வைத்தால் முகமே இறங்கித் தெரியும். கண்மணிக்கு நேர் கீழே, கன்ன எலும்பின் மேல் தொடங்கி, காதின் மேல்முனையை நோக்கி விரலால் தட்டிக்கொண்டு போங்கள். கிரீம் பிளஷ் நல்லது. பவளமும் செங்கல் சிவப்பும் மாநிறத்துக்கு உயிர் கொடுக்கும்.

6. புருவம்

வயதாக ஆக வால் பகுதி முதலில் மெலியும். கறுப்புப் பென்சிலால் ஒரே கோடாக இழுக்காமல், அடர் பழுப்பு நிறத்தில் முடி முடியாகக் கீறி, வாலை மட்டும் நிரப்புங்கள். முனை கீழ்நோக்கித் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. கண்

கீழ் இமையில் கண்மை இல்லாமல் கண்ணாடி முன் நின்றால் நம் அம்மாக்களுக்கு முகம் முழுமையாகவே இருக்காது. எனக்கும் அது புரிகிறது. ஆனால் ஹோமப் புகை, தாரை வார்க்கும்போது வரும் கண்ணீர் இரண்டும் சேர்ந்தால் கீழ் இமை மை அரை மணியில் இறங்கி, இவ்வளவு பாடுபட்டு மறைத்த கருவளையத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அதனால் மேல் இமையில், முடி வேருக்கு ஒட்டி மெல்லிய கோடு. கீழே வேண்டும் என்றே தோன்றினால் வெளி மூலையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். இரண்டுமே வாட்டர்ப்ரூஃப் ஆக இருக்கட்டும்.

ஐ ஷேடோவில் மினுமினுப்பு வேண்டாம். இமைச் சுருக்கம் ஒவ்வொன்றையும் அது எடுத்துக் காட்டும். மங்கலான பழுப்பு நிறம் ஒன்று போதும். இமை மடிந்து தொங்கினால், கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தபடியே மடிப்புக்குச் சற்று மேலே தடவுங்கள். கண்ணை மூடிப் போட்டால், திறந்ததும் எல்லாம் மடிப்புக்குள் போய்விடும். அப்புறம் இமை முடியை, அதை வளைத்துவிடும் கர்லரில் ஐந்து விநாடி மெதுவாக அழுத்தி, மேல் முடிக்கு மட்டும் மஸ்காரா. திறந்து மூன்று மாதம் தாண்டிய மஸ்காராவைக் குப்பையில் போடுங்கள், கண்ணில் தொற்று வரலாம்.

8. உதடு

அரக்குப் பட்டு என்றால் அரக்கு லிப்ஸ்டிக் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அடர் நிறம் மெலிந்த உதட்டை இன்னும் மெலிதாகக் காட்டும். புடவைக்கு இரண்டு படி இளசான நிறம் எடுங்கள். முதலில் லிப் பாம், அதைத் துடைத்துவிட்டு அதே நிற லைனரால் (உதட்டு ஓரம் வரையும் பென்சில்) ஓரம், பிறகு கிரீம் லிப்ஸ்டிக். லைனர் இல்லாவிட்டால் உதட்டின் மேல் கோடுகளில் நிறம் கசியும்.

9. பொட்டு

கடைசியில் பொட்டு. சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் இருக்கும். சிலருக்கு அதனால் அந்த இடத்தில் நிறம் போய் வெள்ளைத் திட்டு விழும். அரிப்பு வந்தாலே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டுக் குங்குமத்துக்கு மாறுங்கள்.

கைப்பையில் டிஷ்யூ பேப்பர், லிப்ஸ்டிக் இரண்டும் போதும். வியர்த்தால் டிஷ்யூவால் ஒற்றுங்கள், மேலே மேலே பவுடர் போடாதீர்கள். ராத்திரி எவ்வளவு அசதியாக இருந்தாலும் பொட்டை எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் கண்ணில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் துடைத்து, ஃபேஸ்வாஷில் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டுக்கொண்டு படுங்கள்.