பிரிவைச் சொல்லும் ஒரு குறளை அலகிட்டுப் பார்ப்போம்

யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், என்றதும் பலர் தேமா, கூவிளம் என்ற வாய்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பாட்டை அலகிடுவது, அதாவது ஓசைத் துண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பது, அதன் வலி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான். திருக்குறளில் பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் குறளை எடுத்துக்கொள்வோம்:

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை

பிரிந்து போகப் புறப்படும் காதலனிடம் காதலி சொல்கிறாள்: “போகவில்லை என்றால் என்னிடம் சொல், விரைவில் வருவேன் என்பதை, அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல்.”

முதலில் வாய்விட்டு மூன்று முறை படியுங்கள். அப்புறம் அசை, அதாவது ஓசைத் துண்டு, பிரியுங்கள். குறிலோ நெடிலோ தனியாகவோ ஒற்றோடோ (புள்ளி எழுத்தோடோ) வந்தால் நேர். இரு குறில், அல்லது குறிலும் நெடிலும் இணைந்து வந்தால் நிரை. பின்னால் ஒற்று வந்தாலும் நிரைதான். அசைகளால் ஆனது சீர், அதன் நேர், நிரை வரிசைக்கு ஏற்ற வாய்பாட்டுப் பெயர் எதிரே இருக்கிறது:

செல்/லா/மை – தேமாங்காய்
உண்/டேல் – தேமா
எனக்/குரை – கருவிளம்
மற்/றுநின் – கூவிளம்
வல்/வர/வு – கூவிளங்காய்
வாழ்/வார்க் – தேமா
குரை – மலர்

‘எனக்குரை’யில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ‘எ’யைத் தனியாக வெட்டக் கூடாது, அடுத்து குறில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து நிரை ஆகும்.

அடுத்தது தளை: ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் முதல் அசையும் இணையும் விதம். மா, விளம், காய் என்பவை வாய்பாட்டுப் பெயர்களின் முடிவுகள். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்றே எல்லாச் சீர்களும் சேர்கின்றன. வெண்பாவுக்குரிய இந்த வெண்டளை எங்கும் பிறழவில்லை. சரி.

இப்போது எதுகை. அடிகளின் முதல் சீர்களில் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள்: செல்லாமை, வல்வரவு. ‘ல்’ ஒன்றுகிறது. ஓசையில் இணையும் இந்த இரண்டும் பொருளில் எதிரெதிர்: ஒன்று போகாமலிருப்பது, மற்றது போய்த் திரும்புவது. எதுகையைக் குறித்ததும் அந்தச் சொற்களுக்குள் என்ன உறவு என்று கேளுங்கள். எனக்கு இந்தக் குறள் திறந்தது அந்தக் கேள்வியில்தான். வல்வரவு, வாழ்வார்க் என்பது மோனை (முதலெழுத்து ஒன்றுவது), குறித்துக்கொண்டு நகரலாம்.

கடைசியாக, திரும்ப வரும் சொல்: உரை. முதலில் அது ‘எனக்கு’ என்பதோடு ஒட்டி ஒரே சீராக வருகிறது. இரண்டாம் முறை ‘வாழ்வார்க்கு’ என்ற சொல்லே சீருக்காக உடைய, ‘குரை’ ஈற்றில் தனியாக நிற்கிறது. அந்த இடத்தில் ‘மொழி’ என்று போட்டுப் பாருங்கள். ‘வாழ்வார்க்கு’ தேமாங்காய் ஆகிவிடும், காய் முன் நிரை வந்து தளை தட்டும். முதல் ‘உரை’ அவனைப் பக்கத்தில் அழைக்கிறது. இரண்டாவது அவனை வேறு யாரிடமோ அனுப்புகிறது. அந்த வாழ்வாரில் அவள் இல்லை.