முதல் நெபுலா படம்: 200 எம்எம் லென்ஸே போதும்

முதல் நெபுலா (விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசி மேகம்) படத்துக்காக டெலஸ்கோப் வாங்கக் கிளம்பாதீர்கள். கையிலிருக்கும் டிஎஸ்எல்ஆர், ஒரு 200 எம்எம் லென்ஸ், ஆடாத ட்ரைபாட், வானம் சுழலும் வேகத்துக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் ஸ்டார் ட்ராக்கர், அவ்வளவுதான். குறி ஓரியன் நெபுலா, அதாவது எம்42. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, திருவாதிரை இருக்கும் அதே கூட்டத்தில், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுத் தெற்கே, வெறுங்கண்ணுக்கே புகைபோலத் தெரியும். அமாவாசையை ஒட்டிப் போங்கள்.

நம்மூரில் பெரிய தலைவலி ட்ராக்கரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்குவதுதான். ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அது நிற்கும். சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10, நாகர்கோவிலில் வெறும் 8. ஒரு தென்னந்தோப்பு போதும், மறைத்துவிடும். அதனால் பகலிலேயே போய் வடக்கு திறந்திருக்கிற இடமாகப் பார்த்து வையுங்கள். அப்படியும் மறைந்தால் போனிலுள்ள திசைகாட்டியையும் கோணமானியையும் வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் ஒரு படத்துக்கு 20 நொடியைத் தாண்டாதீர்கள், நட்சத்திரம் கோடாக இழுக்கும்.

ஃபோகஸுக்கு லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பிரகாசமான சிரியஸ் நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி எங்கே மிகச் சிறிதாகிறதோ அங்கே நிறுத்தி, வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். அப்புறம் எஃப்/4, ஐஎஸ்ஓ 1600, ரா ஃபார்மட், 60 நொடி வீதம் 60 படங்கள். நடுப்பகுதி மட்டும் வெள்ளையாக வெந்துபோகும், அதற்குத் தனியாக 5 நொடியில் இருபது.

இடையிடையே லென்ஸைத் தொட்டுப் பாருங்கள். போன ஜனவரியில் நான் டீ குடித்துக்கொண்டே கதை பேசிக்கொண்டிருந்ததில் பனி படிந்து கடைசி நாற்பது படங்கள் பாழ். யூஎஸ்பி ஹீட்டர் பட்டை ஒன்று சுற்றியிருந்தால் தப்பித்திருக்கும்.

கிளம்பும் முன் மூடியைப் போட்டு அதே 60 நொடியில் இருபது டார்க் படங்கள், சென்சார் தானே உண்டாக்கும் புள்ளிகளைப் பிறகு கழிப்பதற்கு. விடிந்ததும் ஃபோகஸைத் தொடாமல், லென்ஸ் வாயில் வெள்ளை பனியனைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, வானத்தைப் பார்த்து இருபது ஃப்ளாட். லென்ஸ் ஓரத்து இருட்டையும் தூசிக் கறையையும் நீக்க இந்த ஃப்ளாட்தான் கைகொடுக்கும், சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சிரில் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள், இலவசம்தான். வந்து நிற்கும் படம் கன்னங்கரேலென்று இருக்கும், பயப்படாதீர்கள், ஸ்ட்ரெட்ச் செய்யச் செய்ய, அதாவது மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்க ஆக்க, மேகம் எழும்பி வரும். நுரை நுரையாக இரைச்சல் தெரிந்தால் அடுத்த இரவும் போங்கள்: நான்கு மடங்கு படம் எடுத்தால் இரைச்சல் பாதியாகும். சாதாரணக் கேமராவின் ஃபில்டர் ஹைட்ரஜனின் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் இணையத்தில் பார்த்ததைவிட நிறம் கொஞ்சம் வெளிறித்தான் வரும். அதற்காகக் கலர் ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்தால் நட்சத்திரமெல்லாம் திருவிழா சீரியல் பல்பாகிவிடும்.