ஃபேர்பேங்க்ஸ்ல வீடு பாக்குறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

அலாஸ்காவுல ஃபேர்பேங்க்ஸ் யுனிவர்சிட்டிக்கு மேல்படிப்புக்கோ வேலைக்கோ வர்றவங்க நெறைய பேரு ஆகஸ்ட்ல வந்து இறங்குறாங்க. அப்ப நல்ல வெயில், எங்க பாத்தாலும் பச்சை, எந்த வீட்டப் பாத்தாலும் புடிச்சுப் போயிடும், வாடகை எவ்ளோ எத்தன ரூம் கேம்பஸ் எவ்ளோ தூரம்னு கேட்டுட்டு கையெழுத்து போட்டுடறாங்க. சென்னையில மதுரையில வீடு பாக்க அது போதும், இங்க போதவே போதாது. வீடு மேட்டுல இருக்கா பள்ளத்துல இருக்கா, சரிவு எந்தப் பக்கம் பாத்து இருக்கு, அடியில மண்ணு எப்படி, இந்த மூணும் தெரியாம இந்த ஊர்ல ஒரு வீட்டுக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.

முதல் தப்பு, மலைன்னா குளிருன்னு நெனைக்கிறது. ஊட்டி கொடைக்கானல் பாத்து வளந்தவங்களுக்கு அப்படித்தான் தோணும். ஆனா குளிர்காலத்துல இங்க நெலம தலைகீழ். ஊர சுத்தி மூணு பக்கமும் குன்று, டிசம்பர் ஜனவரில காத்து சுத்தமா அசையாது, அதனால கனமான குளிர்ந்த காத்து தண்ணி பள்ளத்துல தேங்குற மாதிரி கீழயே தேங்கிடும், அதுக்கு மேல சூடான காத்து மூடி போட்டு உக்காந்துக்கும். இதத்தான் இன்வர்ஷன்ங்கறாங்க. கோல்ட்ஸ்ட்ரீம் பள்ளத்தாக்குல மைனஸ் 40 இருக்கற அதே காலையில சீனா ரிட்ஜ்ங்கற (Chena, சீனா நாடு இல்ல) குன்று மேல பத்து டிகிரிக்கு மேலயே வித்தியாசம் இருக்கறது சாதாரணம். மேல இருந்து கார்ல கீழ இறங்குங்க, டேஷ்போர்டுல டெம்பரேச்சர் ஒவ்வொரு வளைவுக்கும் எறங்கிட்டே வர்றத கண்ணாலயே பாக்கலாம்.

அதே மூடிக்கு அடியிலதான் புகையும் மாட்டிக்கும். விறகு அடுப்பு, ஆயில் ஹீட்டர், கார், எல்லா புகையும் போக எடம் இல்லாம அப்படியே நிக்கும். பிஎம் 2.5, அதாவது காத்துல மிதக்குற நுண்ணிய புகைத் தூசி, அளவு மீறிப் போச்சுன்னு 2009லயே அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி இந்த ஏரியாவ லிஸ்ட்ல சேத்துடுச்சு. பக்கத்துல நார்த் போல்னு ஒரு ஊரு, பேரு நல்லா இருக்கு, ஆனா காத்து ரொம்ப மோசமாகுற எடங்கள்ல அதுவும் ஒண்ணு. வீட்ல ஆஸ்துமா உள்ளவங்களோ கைக்குழந்தையோ இருந்தா கொஞ்சம் வாடகை கூட ஆனாலும் மேட்டுல பாருங்க, இதுல மட்டும் காசு மிச்சம் பண்ணாதீங்க. ஆனா மேட்டு ரோடு செங்குத்தா இருக்கும், ஐஸ்ல ஏற நல்ல டயரும் ஃபோர் வீல் டிரைவும் வேணும், அந்த செலவையும் கணக்குல வெச்சுக்கணும்.

அடுத்தது வெயில். ஜூன்ல சூரியன் ஊர சுத்தி சுத்தி வர்றதால எல்லா ஜன்னல்லயும் வெளிச்சம் விழும், அத நம்பிடாதீங்க. டிசம்பர் 21 அன்னைக்கு பகல் மொத்தமே 3 மணி 41 நிமிஷம், உச்சியிலயே சூரியன் அடிவானத்துல இருந்து ரெண்டு டிகிரி கூட ஏறாது. தெக்கால ஒரு சின்ன குன்றோ நாலு ஸ்ப்ரூஸ் மரமோ இருந்தா போதும், வாரக்கணக்குல வீட்டு மேல வெயிலே படாது. தெக்குப் பாத்த சரிவுல வீடு கிடைச்சா விடாதீங்க. அந்த அரைமணி நேர வெயில் மனசுக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு ஜனவரில புரியும்.

வாங்கப் போறவங்க ரொம்ப கவனிக்க வேண்டியது பெர்மாஃப்ராஸ்ட், அதாவது வருஷம் பூரா ஒறஞ்சே கெடக்குற மண்ணு. ஃபேர்பேங்க்ஸ்ல இது எல்லா எடத்துலயும் கெடையாது, திட்டு திட்டா இருக்கும், அதுதான் சிக்கலே, பக்கத்து மனையில நல்ல மண்ணு, உங்க மனையில அடியில பனிக்கட்டி. ஃபாக்ஸ்ங்கற ஊரு பக்கத்துல ராணுவம் 1960கள்ல தோண்டுன ஒரு சுரங்கம் இருக்கு, அதுல சுவத்துக்குள்ள பெரிய பெரிய ஐஸ் ஆப்பும் மாமத் எலும்பும் நீட்டிட்டு இருக்கும், காலுக்கு அடியில என்ன இருக்குன்னு அதப் பாத்தா தெரியும். அந்த மாதிரி மண்ணு மேல வீடு கட்டி ஹீட்டர் போட்டா வீட்டுச் சூடே கீழ எறங்கி ஐஸ உருக்கும், வீடு ஒரு பக்கமா சாயும், கதவு மூடாது, பேங்க் லோன் கிடைக்கறதும் கஷ்டம். மரத்தப் பாத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். குச்சி குச்சியா குட்டையா கருப்பு ஸ்ப்ரூஸ், கீழ மெத்துமெத்துன்னு பாசின்னா சந்தேகப்படுங்க. பிர்ச், ஆஸ்பென் ஒசரமா வளந்திருந்தா பெரும்பாலும் நல்ல அறிகுறி. ஃபார்மர்ஸ் லூப் ரோட்டுல கார் ஏன் ஏறி ஏறி எறங்குதுன்னா காரணம் இதுதான். கண்ணால பாத்தது போதும்னு விட்டுடாம மண்ண டெஸ்ட் பண்ணிட்டு வாங்குங்க.

வாடகை கம்மின்னு ட்ரை கேபின் எடுக்குறவங்களுக்கு: அதுல தண்ணி கனெக்‌ஷன் கிடையாது, கக்கூஸ் வெளிய. அஞ்சு கேலன் கேன்ல தண்ணி நீங்கதான் கொண்டாரணும், ஃபாக்ஸ் ஊத்துல ஊர்க்காரங்க வரிசையா கார நிறுத்தி புடிச்சுட்டுப் போவாங்க. சிங்க் இருக்கும், ஆனா அடியில ஒரு பக்கெட், பாத்து பாத்து வெளிய கொண்டு போய் ஊத்தணும், மறந்தா தரை பூரா அழுக்குத் தண்ணி. வெளி கக்கூஸ்ல சீட்டுக்கு நீல ஃபோம் பலகைய வெட்டி வெச்சிருப்பாங்க, மைனஸ் 40லயும் அது சில்லுன்னு இருக்காது. குளிக்க, துணி தொவைக்க கேம்பஸோ லாண்டரியோ போகணும். தனியா இருக்க பசங்க பொண்ணுங்க இத சந்தோஷமா பண்றாங்க, தப்பே இல்ல. ஆனா சின்னக் குழந்தையோட, இல்ல ஊர்ல இருந்து அப்பா அம்மாவ கூட்டிட்டு வர்ற ஐடியாவோட எடுக்காதீங்க, அவங்க ராத்திரி மூணு மணிக்கு பூட்ஸ் மாட்டிட்டு வெளிய போக முடியாது.

கெணத்துத் தண்ணி உள்ள வீடுன்னா கட்டாயம் டெஸ்ட் ரிசல்ட் கேளுங்க, குன்றுப் பக்கம் கெணறுகள்ல இயற்கையாவே ஆர்சனிக் வர்ற எடங்கள் உண்டு. நார்த் போல் பக்கம் ரிஃபைனரியில இருந்து கசிஞ்ச சல்ஃபோலேன்ங்கற கெமிக்கல் நிலத்தடி நீர்ல கலந்துருந்தது, அங்க பைப் தண்ணியான்னு கேட்டுக்கோங்க.

ஹீட்டிங் வாடகையில சேந்துதா இல்லயான்னு எழுத்துல வாங்கிக்கோங்க, தனியான்னா போன குளிர்கால ஆயில் பில்லக் காட்டச் சொல்லுங்க. நெறைய கேபின்ல டோயோ ஸ்டவ்னு ஆயில்ல எரியற ஹீட்டர் இருக்கும், நல்ல சாமான்தான், ஆனா அதுக்கும் கரண்ட் வேணும், கரண்ட் போனா அதுவும் நின்னுடும், அதனால கூட ஒரு விறகு அடுப்பு இருக்கறது நல்லது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீட்டுல ஒரு ராத்திரி கூட தூங்காதீங்க. பார்க்கிங்ல பிளக் பாயின்ட் இருக்கான்னு பாருங்க, மைனஸ் 20க்குக் கீழ போனா பிளாக் ஹீட்டர, அதாவது எஞ்சின சூடா வெக்கிற கரண்ட் ஹீட்டர, சொருகாம எஞ்சின் எழும்பறது கஷ்டம். ரோட்டுல பனிய யாரு தள்ளுறாங்கன்னும் கேளுங்க, சில ரோடு பிரைவேட், அங்க குடியிருக்கவங்களே காசு போட்டு தள்ளிக்கணும்.

முடிஞ்சா முதல் குளிர்காலத்த கேம்பஸ் ஹவுசிங்ல ஓட்டிட்டு ஜனவரில வீடு தேடுங்க. அப்ப வீடு எதையும் மறைக்காது. ஜன்னலுக்கு உள்பக்கம் அடியில ஐஸ் கட்டி நிக்குதா, கதவு கைப்பிடில உறைபனி இருக்கா, கூரை ஓரத்துல தடிமனா ஐஸ் தொங்குதா பாருங்க, அப்படி தொங்குனா வீட்டுச் சூடு கூரை வழியா ஒழுகுதுன்னு அர்த்தம், அந்த ஆயிலுக்கு காசு குடுக்கப் போறது நீங்க.