வைக்கோலில் சிப்பிக் காளான்: படுக்கை போடும் முறை

பழுப்பேறாத, மழையில் நனையாத புது வைக்கோலாகப் பாருங்கள். பழைய வைக்கோலில் வேறு பூசணம் ஏற்கெனவே குடியேறியிருக்கும். 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 5 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு ஒரு மணி நேரம் கொதிக்கும் நீரில் வேகவையுங்கள்.

ஈரப்பதம்தான் பாதி வெற்றி. நிழலில் உலர்த்தி, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். கை ஈரமாக வேண்டும், சொட்டு விழக்கூடாது. சொட்டினால் பையின் அடியில் நீர் தேங்கி அழுகல் நாற்றம் வரும்.

60×30 செ.மீ. பாலித்தீன் பையில் 5 செ.மீ. உயரத்துக்கு வைக்கோல், ஓரமாகச் சுற்றிலும் காளான் வித்து (தானியத்தில் வளர்த்த காளான் இழை), மீண்டும் வைக்கோல் என நான்கைந்து அடுக்கு. நன்றாக அழுத்துங்கள். வாயைக் கட்டி, நடுவில் எதிரெதிராக இரண்டு துளை போதும்.

25 டிகிரியை ஒட்டிய இருட்டறையில் 15 முதல் 20 நாளில் காளான் இழை பரவி பை முழுக்க வெண்மையாகும். பச்சைத் திட்டு தெரிந்தால் அது வேறு பூசணம்; பையைத் திறக்காமலேயே அப்புறப்படுத்துங்கள். திறந்தால் அந்தப் பூசணத்தின் வித்துத்தூள் அறை முழுக்கப் பரவும்.

வெண்மையான பையைக் கிழித்து, வெளிச்சமும் காற்றோட்டமும் கொடுத்து, தினம் இருவேளை நீர் தெளியுங்கள். காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை. குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளுமுன் பறித்துவிடுங்கள்.