விசுவாசம் தளர்ந்துபோன நாட்களில் எங்கே தொடங்குவது

வேலை போகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டி என்று வருகிறது. ஊரிலிருந்து பாதி ராத்திரியில் சாவுச் செய்தி வருகிறது. காரணம் எதுவானாலும் பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் அடுத்து நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் உருகி உருகி ஜெபிக்கிறோம், உபவாசம் இருக்கிறோம். பதில் தாமதமாகத் தாமதமாக ஜெபம் சுருங்குகிறது, வேதம் அலமாரிக்குப் போகிறது, ஞாயிறு காலை ஆலயத்துக்குக் கிளம்ப மனம் வருவதில்லை. ‘எனக்கு விசுவாசமே இல்லையோ’ என்ற குற்ற உணர்வும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இந்த நிலையில் இருப்பவருக்கு ‘இன்னும் அதிகமாய் ஜெபியுங்கள்’ என்று சொன்னால் உதவாது. தொடங்க வேண்டிய இடம் வேறு.

முதலில் உடம்பு

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ட எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் விழுந்து “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், திரும்பப் படுத்துத் தூங்கினார், மறுபடி எழுப்பப்பட்டுச் சாப்பிட்டார். கர்த்தர் அமர்ந்த மெல்லிய சத்தத்தில் பேசுவது அதற்குப் பிறகுதான், 40 நாள் நடந்து ஓரேபை அடைந்த பின்னால்.

ஆகவே முதல் வாரத்துக்கு மூன்றே காரியங்கள்: நேரத்துக்குத் தூக்கம், மூன்று வேளைச் சாப்பாடு, தினம் அரைமணி நேர நடை. இரவு ஷிஃப்ட் முடித்து அதிகாலை 3 மணிக்கு வீடு வருகிறவர், 5 மணி ஜெபத்தைத் தவறவிட்டதற்காக வருந்த வேண்டியதில்லை. தூங்கி எழுந்த பிறகு வரும் நேரமே அவருடைய அதிகாலை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். ‘விசுவாசத்தோடு மருந்தை நிறுத்துங்கள்’ என்று யார் சொன்னாலும், எந்த மேடையிலிருந்து சொன்னாலும், கேட்காதீர்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போவதை அவிசுவாசம் என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

புலம்பலை ஜெபமாக்குவது

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். தேவனிடம் குறை சொன்னால் பாவம் என்று நினைத்து, உள்ளே கொதித்துக்கொண்டே வெளியே ஸ்தோத்திரம் சொல்கிறோம். கொஞ்ச நாளில் அந்த ஜெபம் நமக்கே பொய்யாகப் படுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஆனால் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களுக்குள் தேவனைப்பற்றி முறுமுறுத்தார்கள். சங்கீதக்காரனோ அதே கசப்பை நேரே தேவனிடமே கொண்டுபோனான். முதலாவது உறவை அறுக்கிறது, இரண்டாவது உறவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

13ஆம் சங்கீதம் ஆறே வசனம். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் இரண்டு வசனங்களில் “எதுவரைக்கும்” என்று நான்கு தடவை கேட்கிறான். மூன்றிலும் நான்கிலும் விண்ணப்பம். கடைசி இரண்டில் “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்” என்கிறான். நடுவில் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, அந்த வரிசையிலேயே உங்கள் ஜெபத்தை எழுதுங்கள். முறையீட்டைப் பொதுவாக எழுதினால் மனம் அசையாது; பெயரும் தேதியும் வேண்டும். மாரத்தஹள்ளியில் வாடகைக்கு இருந்துகொண்டு வேலை இழந்த ஒருவர் இப்படி எழுதலாம்: “கர்த்தாவே, எதுவரைக்கும் நான் தினமும் லேப்டாப் பையோடு கிளம்பி பார்க்கில் உட்கார்ந்திருப்பேன்? ஊரில் அப்பாவிடம் எதுவரைக்கும் பொய் சொல்வேன்? 5ஆம் தேதி வீட்டு வாடகை இருப்பதை நீர் காணவில்லையா?” அதன்கீழ் விண்ணப்பம், ஒன்றோ இரண்டோ போதும்: “அப்பாவிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் தாரும்.” கடைசியில் நம்பிக்கையின் வரி. அது வரவில்லையா, தகப்பன் ஒருவர் தன் பிள்ளைக்காக இயேசுவிடம் சொன்னதைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” மாற்கு 9:24. அரைகுறை விசுவாசத்தோடு வந்த அந்தத் தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை.

அதுவும் வாயில் வராத நாளுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. ஆறுதலான முடிவே அதற்கு இல்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதுவும் வேதத்தில் ஜெபமாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

தினசரி அளவு

சிறிதாக வையுங்கள். ஒரு சங்கீதம், மாற்கு சுவிசேஷத்தில் ஒரு அதிகாரம், நோட்டில் ஐந்து வரி: 20 நிமிடம். மாற்கில் 16 அதிகாரம்தான், மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணையை இப்போது எடுத்தால் லேவியராகமத்தில் நின்றுபோகும்; அந்தத் தோல்வியும் சேர்ந்து அழுத்தும். மெட்ரோவிலோ ஆபீஸ் கேபிலோ படிப்பதென்றால் படியுங்கள், ஆனால் எழுதுவது வீட்டில், கையால். யூடியூப் செய்திகளை மணிக்கணக்காகக் கேட்பது ஜெபத்துக்கு ஈடாகாது. அங்கே பேசுவது வேறொருவர், நீங்கள் வாய் திறப்பதே இல்லை.

வாக்குத்தத்த வசனமும் நம்பிக்கையும்

புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை வைத்துக்கொண்டு ‘மார்ச்சுக்குள் நடக்கும்’ என்று தேதி குறிப்பது நம்பிக்கையைச் சீக்கிரம் உடைக்கும். ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற எரேமியா 29:11 நமக்கெல்லாம் மனப்பாடம். அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. அதற்கும் முன்னால் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. ஊரை விட்டு இங்கே வந்து காலூன்ற முடியாமல் தவிக்கிறவர்கள் 4 முதல் 14 வரை சேர்த்து வாசியுங்கள். அந்த நம்பிக்கை கர்த்தர்மேல் நிற்கிறது, காலண்டரின்மேல் இல்லை. பவுல் தன் மாம்சத்தில் முள் என்று சொன்ன வேதனை நீங்கும்படி மூன்றுதரம் கேட்டார். முள் நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில் வந்தது.

‘இவ்வளவு காணிக்கை விதைத்தால் கடன் தீரும்’ என்று கேட்கிறவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். கடனில் இருக்கிற வீட்டிலிருந்து அந்தப் பணம் வாங்குவது அநியாயம்.

ஒரு ஆள் வேண்டும்

ஆலயத்தில் எல்லாரும் ‘வேலை கிடைச்சுதா?’ என்று கேட்பார்கள் என்றே பலர் போவதை நிறுத்துகிறார்கள். ஒரே ஒருவரிடம் முழு உண்மையைச் சொல்லுங்கள். சபைப் போதகரான ஐயரோ, பங்குத்தந்தையோ, பெண்கள் ஐக்கியத்தில் வாயைக் கட்டத் தெரிந்த ஒரு அக்காவோ. மற்றவர்களுக்கு ‘ஜெபிச்சுக்கோங்க’ என்பதோடு முடித்துக்கொள்ளலாம். தாங்கவே முடியாவிட்டால் சில வாரம் சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்கா மாதிரி கூட்டம் அதிகமுள்ள ஆலயத்தில் பின்வரிசையில் உட்காருங்கள். அங்கே தமிழ்த் திருப்பலி உண்டு, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பாட முடியாவிட்டால் பாட வேண்டாம், சபை உங்களுக்காகவும் சேர்த்துப் பாடும். ஆனால் திருவிருந்தை விட்டுவிடாதீர்கள்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கும் ஒன்று. யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் நடந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே கெட்டது. சாவு வீட்டில் ‘தேவ சித்தம்’ என்று நீங்கள் சொல்ல வேண்டாம். இரவுக்கு இட்லி கொண்டுபோங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வாருங்கள், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்கு இருங்கள்.

ஆறு வாரம் ஆனதும் நோட்டை முதலிலிருந்து படியுங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பக்கத்தில் கிடைத்தது, வேறு விதமாக வந்தது, இன்னும் இல்லை என்று குறியுங்கள். ‘இன்னும் இல்லை’ என்பவற்றைப் புதுப் பக்கத்தில் திரும்ப எழுதுங்கள், அன்றைய தேதியோடு.