வங்கி பிடித்த கட்டணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

மினிமம் பேலன்ஸ் இல்லை, ஆட்டோ டெபிட் திரும்பிவிட்டது, எஸ்.எம்.எஸ். கட்டணம் என்று ஏதாவது ஒரு பெயரில் வங்கி பிடித்துக்கொண்ட பணத்தைத் திரும்ப வாங்க வருகிறவர்களுக்கு நான் மனு எழுதிக் கொடுக்கிறேன். வக்கீல் இல்லை, நுகர்வோர் அமைப்பு ஒன்றில் தன்னார்வலர், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதி, அதற்குப் பதிலும் வாங்கிக்கொண்டு வருவார்கள். அதைப் படித்தால், தொடக்கத்தில் நான் எழுதிக் கொடுத்த கடிதங்களே வேறு கையெழுத்தில் வந்ததுபோல் இருக்கும். நகல் எடுத்து வையுங்கள், கணக்கு எண்ணைச் சரிபாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

கருணை மனு எழுதுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். பள்ளியில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பழகிய கை, வங்கிக்கு எழுதும்போதும் அதே பணிவோடு போகிறது.

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் செக்கிங் வேலை பார்த்த ஒரு அக்கா வந்திருந்தார். நிறுவனமே திறந்து கொடுத்த சம்பளக் கணக்கு. வேலையை விட்ட பிறகு சம்பளம் வரவில்லை, கணக்கு சத்தமில்லாமல் சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிட்டது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அதில்தான் வந்துகொண்டிருந்தது. பாஸ்புக்கில் ஒரு வரியில் 1,000 வரவு, அடுத்த வரியில் 500 பிடித்தம், அதற்கடுத்த வரியில் ஜி.எஸ்.டி. 90. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே கதை. 2023 செப்டம்பரில் அந்தத் தொகை வரத் தொடங்கியபோதே வங்கிகள் அதில் கைவைப்பதாகப் புகார் கிளம்பி, மாநில அரசு கண்டித்தது நினைவிருக்கலாம்.

அவர் எழுதிய கடிதம் இப்படி: “என் அறியாமையால் இருப்பு வைக்கத் தவறிவிட்டேன். குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, கருணை கூர்ந்து அபராதத்தைத் தள்ளுபடி செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.” வங்கி என்ன செய்தது? நல்லெண்ண அடிப்படையில் ஒரே ஒரு காலாண்டின் 590 ரூபாயைத் திருப்பிப் போட்டது. மீதியெல்லாம் விதிப்படி பிடித்தது என்று பதில் எழுதிப் புகாரை மூடிவிட்டது. அக்காவுக்கோ, கேட்டதில் கொஞ்சமாவது கிடைத்ததே என்ற திருப்தி.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். முதலாவது, “தவறிவிட்டேன்” என்று அவரே எழுத்தில் கொடுத்துவிட்டார். இரண்டாவது, கருணை கேட்டால் கருணைதான் கிடைக்கும், அதன் அளவை வங்கியே முடிவு செய்யும். மூன்றாவதுதான் பெரியது: வங்கி விதியைப் பின்பற்றியதா என்ற கேள்வியே கடிதத்தில் இல்லை. அடுத்து எங்கே போனாலும் அங்கே முதலில் பார்ப்பது இந்தக் கடிதத்தைத்தான். கேட்காத கேள்விக்கு வங்கி பதில் சொல்லவில்லை என்று பிறகு குறை சொல்ல முடியாது.

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் வகுத்து 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, இருப்பு குறைந்தால் வங்கி முதலில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிவிப்பு தேதியிலிருந்து குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகும் இருப்பு சரியாகவில்லை என்றால்தான் அபராதம். அந்த அபராதமும் எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைந்தவருக்கும் ஐயாயிரம் குறைந்தவருக்கும் ஒரே தொகை என்று பிடிக்க முடியாது. அபராதம் பிடித்ததால் மட்டுமே கணக்கு மைனஸில் போகவும் கூடாது.

ஆகவே கடிதத்தில் கதை வேண்டாம். எந்தத் தேதியில், எந்த வழியில் எனக்கு அறிவிப்பு கொடுத்தீர்கள்? அதன் நகல் எங்கே? குறைவு எவ்வளவு, அதில் எத்தனை சதவீதம் பிடித்தீர்கள்? இவ்வளவு கேட்டுவிட்டு, பிடித்த ஒவ்வொரு தொகையையும் தேதியோடு எழுதி, கூட்டுத்தொகையைப் போட்டு, இதைத் திருப்பித் தரவும் என்று முடித்தால் போதும்.

அந்த அக்காவுக்கு இரண்டாவது கடிதத்தை இப்படித்தான் எழுதினோம். அறிவிப்பு அனுப்பியதற்கு ஆதாரமாக வங்கி ஒரு எஸ்.எம்.எஸ். பதிவைக் காட்டியது. அதன் தேதியும் பணம் பிடித்த தேதியும் ஒன்றே. “கட்டணம் பிடிக்கப்பட்டது” என்ற செய்தி அது. பிடித்த பிறகு சொல்வது அறிவிப்பு ஆகுமா? வங்கிகள் மீதான புகாரை விசாரிக்க ரிசர்வ் வங்கி நியமித்திருக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் போனதும், முடிவு வரும்வரை காத்திராமல் மீதிப் பணத்தை வங்கியே வரவு வைத்துவிட்டது. முதல் கடிதமே இப்படி இருந்திருந்தால் அவருக்கு அரை வருட அலைச்சல் மிச்சம்.

கிளையில் வாயால் சொல்லிவிட்டு வருவது

மேனேஜர் “பார்க்கிறேன்மா” என்றால் அது புகார் இல்லை. புகார் எண் கையில் வந்தால்தான் புகார்.

எல்லாக் கதவையும் ஒரே நாளில் தட்டுவது

காலையில் வங்கிக்கு மின்னஞ்சல், மதியம் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் புகார், மாலையில் நுகர்வோர் ஆணையத்தில் மனு. வேகம் நல்லதுதான், ஆனால் இங்கே எடுபடாது. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேன் திட்டத்தின்படி, முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டால்தான் அடுத்த படி. அதே விவகாரம் நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார். விதி மீறல் தெளிவாக இருந்து, பணம் வந்தால் போதும் என்றால் ஆம்புட்ஸ்மேன். செலவில்லை, அலைச்சலும் குறைவு. வங்கி செய்ததால் வேறு நஷ்டம் ஏற்பட்டு, சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இது என் கணக்கு, வேறு மாதிரி நினைப்பவர்களும் உண்டு.

ஆம்புட்ஸ்மேனிடம் வக்கீல் மூலம் போவது

திட்டத்தில் அதற்கு இடமில்லை. நீங்களே எழுதுங்கள்.

இரண்டு வருடம் ஓடிக்கொண்டிருப்பதை மறப்பது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். வங்கிக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பினால் கெடு தள்ளிப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போடலாம், ஆனால் ஏற்கத்தக்க காரணம் வேண்டும். “மேனேஜர் பார்க்கிறேன் என்றார்” என்பது பெரும்பாலும் எடுபடாது.

மாவட்ட ஆணையத்தில் “நியாயமற்ற ஒப்பந்தம்” என்று எழுதுவது

இணையத்தில் எதையோ படித்துவிட்டு, வங்கியின் நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று மனுவில் எழுதிவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2019 சட்டப்படி அந்த வகைப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. அது மாநில ஆணையத்துக்கும் அதற்கு மேலும்தான். 590 ரூபாய்க்காக யார் சென்னைக்குப் போவது? “சேவைக் குறைபாடு” என்றும் “நியாயமற்ற வணிக நடைமுறை” என்றும் எழுதினால் உங்கள் ஊர் ஆணையமே விசாரிக்கும். வங்கிக் கிளை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இந்த அளவு வழக்குகளுக்கு ஆணையக் கட்டணமும் கிடையாது.

590-க்கு ஐந்து லட்சம் மன உளைச்சல் கேட்பது

கேட்கலாம். தருவார்கள் என்று எண்ணாதீர்கள்.

அசல் வந்ததும் எழுந்து போய்விடுவது

கட்டணம் தப்பு என்றால் அதன் மேல் பிடித்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தப்புதான். 500 கேட்டு 500 வாங்கி, 90-ஐ விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

இன்னொன்று ஏ.டி.எம். விவகாரம். பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் ஐந்து நாளுக்குள் வங்கி திருப்பிப் போட வேண்டும். தவறினால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நடப்பதோ வேறு. இருபத்தாறாம் நாள் 2,000 ரூபாய் திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்ட ஒரு தம்பியிடம், தாமதமான இருபத்தொரு நாளுக்கு இன்னும் 2,100 வர வேண்டும் என்று சொன்னபோது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

கட்டணம் ஓடும் கணக்கை அப்படியே விடுவது

புகார் ஒரு பக்கம் நடக்கும்போதே மறுபக்கம் அடுத்த காலாண்டுக்கும் பிடிப்பார்கள். கணக்கை மூடுங்கள், அல்லது குறைந்தபட்ச இருப்பே தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஸ்டேட் வங்கி 2020-லேயே இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்றவை 2025-ல் எடுத்தன. அப்படி எடுத்துவிட்டார்கள் என்பதற்காகப் பழைய பிடித்தம் தானாகத் திரும்பி வந்துவிடாது.

பணம் வருவதற்கு முன் கையெழுத்துப் போடுவது

புகார் சூடு பிடித்ததும் கிளையிலிருந்து போன் வரும். “சார், உங்க பணம் நாளைக்கே ஏறிடும், வாபஸ் வாங்கிட்டதா ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க.” குரலில் அத்தனை பாசம் இருக்கும். பணம் ஏறட்டும். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். “முழுத் திருப்தி” என்று அவர்களே அடித்துக் கொண்டுவரும் தாளில் தொகை எழுதாமல் இடம் விட்டிருந்தால், நீங்களே அதில் எழுதி நிரப்பி, தேதி போட்டு, ஒரு நகல் வாங்கிக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.