புல் வெட்டும் மெஷினோடு பட்ட பாடு: என் அனுபவம்

களுவாஞ்சிக்குடியில் மாரி மழை விட்டால் எங்கள் வளவில் புல் முழங்காலுக்கு வந்துவிடும். போன தையில் பெற்றோல் மெஷினை எடுத்து இருபது தடவைக்கு மேல் கயிறு இழுத்தேன். ஒரு இருமல்கூட இல்லை. "விடு மகன், தோள்மூட்டு கழன்றிரும்" என்றார் அம்மா.

எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றினேன். நுனி நனைந்து பெற்றோல் மணத்தது. காற்றை மறிக்கும் சோக்கை மூடியபடியே இழுத்ததில் உள்ளே பெற்றோல் நிரம்பிவிட்டது. பிளக்கைத் துடைத்துக் காயவைத்தேன். அது இல்லாமலே, சோக்கைத் திறந்து ஏழெட்டு முறை இழுத்தேன். பிளக்கைத் திரும்பப் பூட்டி இழுத்ததும் எஞ்சின் ஒருதரம் வெடித்து நின்றது.

அப்புறம்தான் டாங்கியைக் கவனித்தேன். புரட்டாதியில் ஊற்றியது அப்படியே கிடந்தது. பழைய பெற்றோல் ஆவியாகி விட்டுப்போகும் பிசின், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரின் ஊசித்துளையை அடைத்துவிடும். அதைக் கழுவி, கையேட்டில் சொன்னபடி 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு டூ ஸ்ட்ரோக் ஒயில் புதிதாகக் கலந்தேன். மூன்றாவது இழுப்பில் உறுமியது. அந்தச் சத்தம் கேட்டபோது அவ்வளவு சந்தோசம்!

ஆனாலும் வளவுக்கென்று ஒரு பற்றரி மெஷின் வாங்கிவிட்டேன். பொத்தானை அழுத்தினால் சரி, அம்மாவே வேலியோரம் வெட்டுகிறார். ஒரு சார்ஜில் அரை மணித்தியாலம் ஓடுகிறது, எங்களுக்கு அது போதும். வயல் வரம்புக்கு மட்டும் பெற்றோல் மெஷின்தான். அங்கே சார்ஜ் போட வழியில்லை, புல்லும் தடிப்பு. இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் டாங்கியை வடித்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன்.